பாலர் பள்ளி ஒரு வருடத்தில் நம் பெண் பிள்ளைகள் எதைக் கற்று வருகிறார்கள்?

கவின்யா அம்மா:

வணக்கம். மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் பெற்றோரிடம் கேட்க நினைத்த விஷயம் இது. மகளுக்கு ஆறு வயது. அடுத்து தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பாலர் பள்ளியிலிருந்து ஆண்டிறுதி அறிக்கை கொடுத்தார்கள். அண்ணன் மகனும் அதே வகுப்புதான், அவனுடைய அறிக்கையையும் பார்த்தேன். அவனுக்கு எழுதியிருந்தது: "நிறையக் கேள்வி கேட்பான், கட்டைகளை அடுக்கிப் பாலம் கட்டினான், துடிப்பானவன்." என் மகளுக்கு: "அடக்கமான பிள்ளை, கையெழுத்து அழகு, வகுப்பைச் சுத்தம் செய்ய டீச்சருக்கு உதவுவாள்."

இரண்டுமே பாராட்டுதான். அந்த டீச்சர் என் பிள்ளையைப் பாசமாகப் பார்த்துக்கொண்டார், அதில் எனக்குக் குறை இல்லை. எழுத்திலும் குறை இல்லை. உயிரெழுத்து பன்னிரண்டும் தெரிகிறது. படம், பட்டம், மரம் என்று எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். மலாயில் பூகூ, பாத்தூ வரை வந்துவிட்டாள். ஆனால் வீட்டில் கட்டைப் பெட்டியைத் திறந்தால், "அது பையன்கள் விளையாடுறது" என்கிறாள். வருட ஆரம்பத்தில் அவளே அதில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அப்படியானால் இதையும் இந்த வருடத்தில்தான் கற்றிருக்கிறாள். எழுத்து, எண் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்தப் பாடத்தைப் பற்றி யாராவது கவனித்தீர்களா?

பழைய வாத்தியாரம்மா:

தங்கச்சி, உன் மகள் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அதுதான் பெரிய விஷயம். நான் முதலாம் ஆண்டு வகுப்பு எடுத்தவள். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை முதல் வாரத்தில் பாடநூலைத் திறக்கும்போது அதன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். கணக்கில்கூட கேள்வியை வாசித்தால்தான் கூட்டுவதா கழிப்பதா என்று தெரியும். பாலர் பள்ளியில் வாசிப்பைப் பிடிக்காத பிள்ளை அங்கேயே பின் வரிசைக்குப் போய்விடும். பட்டணத்துப் பிள்ளைக்கு டியூசன் இருக்கிறது, வீட்டில் படித்த அம்மா இருக்கிறார். நம் பிள்ளைக்கு அந்த ஒரு வருடம்தான் இருக்கிறது.

தோட்டப்புறத்தில் பெண் பிள்ளைகளின் கதையையும் மறந்துவிடாதே. 1923 தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களுக்குக் கட்டாயம் வந்தது. அந்தப் பள்ளிக்கும் பெண் பிள்ளையை ஒழுங்காக அனுப்பவில்லை. அம்மா விடியற்காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய்விட்டால் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஆயாக் கொட்டகையில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுத்தே தெரியாமல் வளர்ந்த பெண்கள் நம் பாட்டிமார். இன்று உன் மகள் பென்சில் பிடித்து அழகாக எழுதுகிறாள் என்று ஒரு டீச்சர் எழுதிக் கொடுத்தால், அதைச் சின்ன விஷயமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

லோரிக்காரன்:

டீச்சர் சொல்வதுதான் சரி. எனக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளைப் "பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்பார்கள்" என்று சொன்ன ஒரு தனியார் பாலர் பள்ளியில் போட்டோம். வருடம் முழுக்கப் பாட்டு, ஆட்டம், வண்ணம் தீட்டுதல். முதலாம் ஆண்டு போனதும் ஒரு வாக்கியம் வாசிக்க முடியவில்லை. நான் லோரி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். மனைவி தொழிற்சாலையில் ஷிப்ட். யார் சொல்லிக் கொடுப்பது? "நான் மக்கு" என்று அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கட்டை அடுக்கத் தெரிந்து என்ன பயன்?

சின்னவளை வேறு இடத்தில் சேர்த்தோம். தினமும் வீட்டுப்பாடம் உண்டு. இப்போது கடைப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே வருகிறாள். தன்னம்பிக்கை என்று பேசுகிறீர்களே, வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது தானாக வரும்.

ஆராய்ச்சி மாணவி:

அண்ணே, மூத்தவள் பட்ட கஷ்டம் புரிகிறது. பிள்ளை தன்னை மக்கு என்று நினைக்க ஆரம்பித்தால் அதை மாற்றுவது லேசான வேலை இல்லை. ஆனால் நன்றாக வாசிக்கும் பெண் பிள்ளைக்கும் அதே நினைப்பு வேறு வழியில் வரலாம் என்பதுதான் கவின்யா அம்மா சொல்வது.

இதைப் பற்றி 2017இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் "ரொம்ப ரொம்பப் புத்திசாலி" ஒருவரைப் பற்றிக் கதை சொன்னார்கள். பிறகு ஆண்கள், பெண்கள் படங்களைக் காட்டி, அந்தப் புத்திசாலி யார் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பெண் பிள்ளைகள் பெண்ணைக் காட்டினார்கள், பையன்கள் ஆணைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகள் பெண்ணைக் காட்டுவது குறைந்துவிட்டது. அடுத்து விளையாட்டு. "இது ரொம்பப் புத்திசாலிகளுக்கானது" என்று சொன்ன விளையாட்டில் ஆறு, ஏழு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்தது. "இது கடுமையாக முயற்சி செய்பவர்களுக்கானது" என்று சொன்னபோது பையன்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

என்னை உலுக்கியது இன்னொன்று. பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுப்பது யார் என்று கேட்டால், அதே பெண் பிள்ளைகள் பெண்களையே சொன்னார்கள். நன்றாகப் படிப்பது நாங்கள், புத்திசாலி அவர்கள். ஆறு வயதில் இந்தக் கணக்கு வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் பாலர் பள்ளியில் இருக்கும் வயது. இப்போது அந்த இரண்டு அறிக்கைகளையும் மறுபடி படித்துப் பாருங்கள்.

பழைய வாத்தியாரம்மா:

அது அமெரிக்கப் பிள்ளைகளிடம் செய்தது. இங்கே தமிழ்ப்பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்குப் போய்ப் பார், மேடையேறுவதில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் பெண்கள்தான் அதிகம். அடக்கம் யாரையும் கெடுத்துவிடவில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து, டீச்சர் சொல்வதைக் கேட்டு, எடுத்த வேலையை முடிக்கும் பழக்கம் பெண் பிள்ளைகளிடம் சீக்கிரம் வந்ததால்தான் அவர்கள் மேலே வந்தார்கள். அந்தப் பழக்கத்தைப் பையன்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்று கேள், நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். பெண் பிள்ளையிடமிருந்து அதை எடுக்காதீர்கள்.

ஆராய்ச்சி மாணவி:

பல்கலைக்கழகத்தில் பெண்கள் அதிகம், உண்மை. அப்புறம் என்ன ஆகிறது டீச்சர்? வேலை செய்யும் வயது ஆண்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பிள்ளை வளர்ப்பு, போக்குவரத்து, சம்பளம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. பாலர் பள்ளி மேல் எல்லாப் பழியையும் நான் போடவில்லை. ஆனால் சொன்னதைச் செய்து முடிக்கிற பழக்கம் மட்டுமே ஒருத்தியைக் கடைசி வரை கொண்டுபோய்விடும் என்று சொல்ல முடியாது.

கிளினிக் மிஸ்ஸி:

நான் இருபக்கமும் பேச வரவில்லை. என் தாதி வேலையில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஐந்து, ஆறு வயதுப் பெண் பிள்ளைகளைக் காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று அம்மாமார் கூட்டி வருவார்கள். சிறுநீரைச் சோதித்தால் கிருமித் தொற்று. பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டை. அதனால் கிருமி எளிதில் மேலே ஏறும். தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், மணிக்கணக்கில் அடக்குவதும், மலச்சிக்கலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். "பள்ளியில் ஏம்மா ஒன்னுக்குப் போகல?" என்று கேட்டால் சில பிள்ளைகள் சொல்லும் பதில்: "டீச்சர் பாடம் நடத்தினாங்க." சில பிள்ளைகள், "கதவு பூட்ட வராது, பையனுங்க எட்டிப் பார்ப்பானுங்க." இன்னும் சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் சொல்லாது. அம்மா பக்கத்தில் நின்று பெருமையாகச் சொல்வார், "பள்ளியில் ரொம்ப அமைதி மிஸ்ஸி, இருக்கிற இடமே தெரியாது."

பாலர் பள்ளி வருடத்தில் ஒரு பெண் பிள்ளை கற்க வேண்டியதில் முதல் வரியில் நான் எழுதுவது இதுதான்: பாடம் நடந்துகொண்டிருந்தாலும் கையைத் தூக்கி, "டீச்சர், நான் கழிவறைக்குப் போகணும்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்புறம், முன்னாலிருந்து பின்னால் துடைப்பது, கை கழுவுவது, சிலுவாரை (கால்சட்டையை) தானே ஏற்றிக்கொள்வது. இவையெல்லாம் பாடம் இல்லையா? தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்திலேயே தன்னைப் பார்த்துக்கொள்ளும் திறனுக்கு இடம் இருக்கிறது.

தோட்டத்து மாமா:

எல்லாரும் படித்தவர்கள், நான் வயதானவன். இருந்தாலும் சொல்கிறேன். பெண் பிள்ளை அடக்கமாக இருந்தால்தான் அவளுக்குப் பாதுகாப்பு. முன்பு தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் இருந்தபோது நாலு வீட்டுக்கும் நாலு கண் இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது தோட்டம் துண்டாகி, பாதிப் பேர் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டோம். பக்கத்து வீட்டில் யார் என்று தெரியவில்லை. இந்தக் காலத்தில் ஆறு வயதுப் பிள்ளையை வாய் பேசு, கேள்வி கேள் என்று வளர்த்தால் நாளைக்கு யார் பேச்சையும் கேட்காது. பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்ல, கால் மடக்கி உட்கார, தேவாரம் ஒன்று பாடப் பாலர் பள்ளியில் சொல்லித் தரட்டும். மற்றது பிறகு வரும்.

கிளினிக் மிஸ்ஸி:

மாமா, வணக்கம் சொல்லட்டும், தேவாரமும் பாடட்டும். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடக்கம் பாதுகாப்பு தரும் என்பதை ஏற்க முடியவில்லை, மன்னிக்கணும். பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறவன் எந்தப் பிள்ளையைத் தேடுவான் தெரியுமா? வெளியில் சொல்லாத பிள்ளையை. பெரியவர் சொன்னால் மறு பேச்சில்லாமல் கேட்கும் பிள்ளையை. பல நேரம் அவன் அந்நியனும் இல்லை, வீட்டுக்கு வந்து போகிறவன்தான்.

நம் நாட்டில் 2017இல் சிறார் பாலியல் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, சட்டம் 792. பிள்ளையிடம் பேசிப் பழகி மயக்குவதே அதில் குற்றம். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். ஆனால் பிள்ளை வாயைத் திறந்தால்தானே சட்டம் வேலை செய்யும்? தன் உடம்பு உறுப்புகளின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்ல, "வேண்டாம்" என்று கத்த, ஓட, நம்பும் பெரியவரிடம் போய்ச் சொல்ல, அவர் நம்பவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்ல ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்றுத் தரலாம். அம்மாவின் கைப்பேசி எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கலாம். பெரியவர்கள் உதவி கேட்க 15999, தாலியான் காசே, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். இதைப் படிக்கிற எல்லாரும் குறித்து வையுங்கள்.

லோரிக்காரன்:

இதில் மிஸ்ஸி சொல்வதோடு நான் சண்டை போட மாட்டேன். இன்றைக்கே சின்னவளிடம் என் எண்ணைக் கேட்டேன், தெரியவில்லை. பாட்டில் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் கட்டை விஷயத்தில் என் பேச்சு பேச்சுதான்.

பாலர் வகுப்பு உதவியாளர்:

தமிழ்ப்பள்ளியோடு சேர்ந்த அரசாங்கப் பாலர் வகுப்பில் ஆசிரியைக்கு உதவியாளராக இருக்கிறேன். எங்கே என்று சொல்ல வேண்டாம். வகுப்பின் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

ஒரு வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள் வரை. ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். 2010இல் வந்து 2017இல் திருத்திய கலைத்திட்டத்தில் மொழி, நன்னெறி, மனிதவியல், தன் திறன், உடல் வளர்ச்சியும் அழகியலும், அறிவியலும் தொழில்நுட்பமும் என்று ஆறு தூண்கள் இருந்தன. விளையாட்டு வழி கற்பிக்க வேண்டும் என்றே அது சொன்னது. வகுப்பில் மூலைகள் இருக்கும்: புத்தக மூலை, கட்டை மூலை, வீட்டு மூலை. மணி அடித்ததும் பையன்கள் ஓடிப்போய்க் கட்டைகளைப் பிடித்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் இடித்துக்கொண்டு போக மாட்டார்கள். வீட்டு மூலைக்குப் போய்ச் சட்டி பானை வைத்துச் சமைப்பார்கள். யாரும் அவர்களை அங்கே போகச் சொல்வதில்லை. பசியாறும் நேரம் முடிந்ததும் மீகூன் சிந்திக் கிடக்கும். நான் துடைப்பத்தை எடுப்பதற்குள் இரண்டு பெண் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். "நல்ல பிள்ளை" என்பேன். இப்படி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகிறது. கவின்யா அம்மா சொன்ன அறிக்கை அப்படித்தான் உருவாகியிருக்கும்.

எங்கள் ஆசிரியை இதைக் கவனித்து முறை வைத்தார். கழுத்தில் வண்ண அட்டை. இன்று சிவப்பு அட்டைக்காரர்கள் கட்டை மூலை, மஞ்சள் வீட்டு மூலை, பச்சை துடைப்பம். பையனும் பெண்ணும் கலந்து. முதலில் பெண் பிள்ளைகள் கட்டைகளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளை இரண்டு முக்கோணக் கட்டைகளை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தது. திடீரென்று இரண்டும் பொருந்திச் சதுரமாகிவிட்டது. "அக்கா, ரெண்டு சேர்ந்தா இதே!" என்று பெரிய சதுரக் கட்டையை அதன் மேல் வைத்துக் காட்டியது. பிறகு பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. லோரி அண்ணே, கட்டை அடுக்கி என்ன பயன் என்று கேட்டீர்களே. பின்னால் வரும் வடிவியலும் பின்னமும் அங்கேதான் தொடங்குகின்றன. பென்சில் பிடிக்கிற விரலுக்கும் அது பயிற்சி. ஆறு வயதில் மணிக்கட்டு எலும்புகள் எல்லாம் முழுதாக இறுகியிருக்காது. பக்கம் பக்கமாக எழுத வைத்தால் கை வலிக்கிறது என்று பிள்ளை அழுவது பொய் இல்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு அப்பா வந்து, "என் மகன் கையில் ஏன் துடைப்பம்?" என்று கேட்டார். இன்னொரு அம்மா தினமும், "எழுத்துப் பயிற்சித் தாள் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். ஆசிரியை இரண்டு பேருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லா இடத்திலும் அப்படி நிற்க முடியாது. தனியார் பாலர் பள்ளி என்றால் பெற்றோர் கேட்டதைக் கொடுத்தால்தான் பிள்ளை சேரும்.

பழைய வாத்தியாரம்மா:

இந்தத் தங்கச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். முறை வைத்தது நல்ல வேலை. துடைப்பம் பையன் கையிலும் இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பு எப்போதும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வகுப்பிலிருந்து வருகிற பிள்ளைகள் வருடக் கடைசியில் வாசிக்கிறார்களா?

பாலர் வகுப்பு உதவியாளர்:

பெரும்பாலோர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், டீச்சர். புத்தக மூலையில் தினமும் உரக்க வாசிக்கிறோம். வீட்டு மூலையைச் சில நாள் கடையாக மாற்றி, விலை அட்டையை அவர்களையே எழுத வைக்கிறோம். வெங்காயம் 2 வெள்ளி, மைலோ 3 வெள்ளி என்று எழுதி, வாசித்து, சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டும். சில பிள்ளைகள் இன்னும் தடுமாறுகிறார்கள், அதை மறைக்கவில்லை. பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளைகள்தான் அதில் அதிகம்.

பழைய வாத்தியாரம்மா:

அந்தத் "தடுமாறும் சில பிள்ளைகள்" பற்றித்தான் என் கவலை முழுக்க. அவர்கள் வீட்டில் சொல்லித் தர ஆள் இல்லாதவர்கள்.

ஆராய்ச்சி மாணவி:

டீச்சர், முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை தேர்வை 2019இலேயே எடுத்துவிட்டார்கள். 2021இல் ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யுபிஎஸ்ஆரும் போய்விட்டது. ஆறு வயதில் இவ்வளவு அவசரம் தேவையா?

பழைய வாத்தியாரம்மா:

தேர்வு போனது, பாடநூல் போகவில்லையே அம்மா. தேர்வு இருந்தபோது பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பது ஐந்து மாதத்தில் பெற்றோருக்குத் தெரிந்துவிடும். இப்போது மூன்றாம் ஆண்டு வரை தெரியாமலே போகிற வீடுகள் இருக்கின்றன. அதனால்தான் பாலர் பள்ளியிலேயே பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

கவின்யா அம்மா:

இது எனக்குத் தோன்றாத கோணம், டீச்சர். நான் வாசிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கேட்டது வேறு. என் மகள் வாசிக்கிறாள், அழகாக எழுதுகிறாள், ஆனால் தெரியாத ஒன்றைச் செய்து பார்க்கப் பயப்படுகிறாள். தப்பாகப் போய்விட்டால் "நல்ல பிள்ளை" என்ற பெயர் போய்விடுமோ என்று பயம். ரப்பரை வைத்து அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிடும், அப்படியும் எழுத்து நேராக வரவில்லை என்று அழுவாள். அண்ணன் மகன் கட்டின பாலம் விழுந்தால் சிரித்துவிட்டு மறுபடி கட்டுவான். இந்த வித்தியாசம் பிறவியிலேயே வந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. ஏனென்றால் வருட ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள்.

தோட்டத்து மாமா:

அந்தப் பிள்ளையை அழ விடாதே அம்மா. எழுத்து கோணினால் என்ன.

கவின்யா அம்மா:

அதைத்தான் மாமா வீட்டில் தினமும் சொல்கிறேன். வரும் சனிக்கிழமை பாலர் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. மூலைகளுக்கு முறை வைப்பதையும், கழிவறைக் கதவின் தாழ்ப்பாளையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அறிக்கையில் பெண் பிள்ளைகளுக்கும் "என்ன கட்டினாள், என்ன கேட்டாள், எதை முயன்று பார்த்தாள்" என்று எழுதச் சொல்வேன். யார் யார் வருகிறீர்கள்?

லோரிக்காரன்:

சனிக்கிழமை எனக்கு ஓட்டம் இருக்கிறது, மனைவியை அனுப்புகிறேன். தாழ்ப்பாளுக்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசிப்பைக் குறைக்க யாராவது கேட்டால் மட்டும் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

பழைய வாத்தியாரம்மா:

நான் வருகிறேன். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளின் பட்டியலைக் கேட்கத்தான் வருகிறேன், அதில் மாற்றம் இல்லை. விடுமுறையில் கோவில் மண்டபத்தில் காலையில் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம். உன் மகளையும் கூட்டி வா. அவள் வாசிப்பாள் என்று தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக் கொடுக்கட்டும், தப்பாகச் சொன்னால் நான் திருத்திக்கொள்கிறேன்.